ஊழியக்காரரை நம்புவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்: சபைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள், வேலைக்காக ஊர் மாறிப் புதுச் சபை தேடுகிறவர்கள், யூடியூபில் ஒருவருடைய செய்தியைக் கேட்டுவிட்டு அவருடைய கூட்டத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிறவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் குடும்பம், எந்தப் பெரிய சபையமைப்பின் கீழும் வராத ஒரு தனி ஊழியத்தோடு பல வருஷம் இருந்தது. மாதாமாதம் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு), அம்மாவின் வளையல், அண்ணன் வேலைக்காகச் செய்த பொருத்தனை (நேர்ச்சை) என்று போனது நிறைய. எதற்கும் ரசீது கிடையாது. வெளியே வந்த பிறகுதான் எந்த வசனத்தை எங்கே படிக்க வேண்டும், எந்தத் தாளை யாரிடம் கேட்க வேண்டும், எந்த அலுவலகத்தில் என்ன கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகத் தேடித் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஊழியக்காரரைச் சோதித்துப் பார்ப்பது அவிசுவாசம் என்று பலர் உங்களுக்குச் சொல்வார்கள். அது தவறு. "எல்லா ஆவிகளையும் நம்பாமல், அந்த ஆவிகள் தேவனால் உண்டானவைகளோ என்று சோதித்தறியுங்கள்" என்பது 1 யோவான் 4:1. அது கட்டளை. அப்போஸ்தலரான பவுல் வந்து பிரசங்கித்தபோதே, பெரோயா பட்டணத்தார் தினமும் வேதத்தைத் திறந்து "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று ஆராய்ந்தார்கள். அதற்காக அவர்களை அப்போஸ்தலர் 17:11 நற்குணசாலிகள் என்று பாராட்டுகிறது. பவுலையே சோதிக்கலாம் என்றால் உங்கள் ஊர்ப் பாஸ்டரையும் தாராளமாகச் சோதிக்கலாம்.

1. முதல் ஆறு மாதம் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்

போங்கள், ஆராதியுங்கள், செய்தியைக் கேளுங்கள். ஆனால் மாதாந்தரப் பங்காளர் திட்டம், பொருத்தனை, விதைக் காணிக்கை (பல மடங்காகத் திரும்ப வரும் என்று சொல்லி வாங்குவது), கட்டட நிதி எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள். காணிக்கைத் தட்டில் மனதார எதையாவது போடுவது வேறு. தொடர்ந்து கொடுப்பதாக வாக்குக் கொடுப்பது வேறு. மாதம் 25,000 ரூபாய் சம்பளக்காரருக்குத் தசமபாகம் என்றால் 2,500. வருஷத்துக்கு 30,000. அந்த அளவு தொகை எங்கே போகிறது என்று கேட்க ஆறு மாதம் எடுத்துக்கொள்வது தேவனுக்கு விரோதமான காரியம் அல்ல. அதுவரை மனசு கேட்கவில்லையென்றால், அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், அல்லது உங்களுக்கு நேரில் தெரிந்த ஏழைக் குடும்பத்துக்குக் கொடுங்கள்.

யுபிஐ ஆட்டோபே, வங்கியில் மாதாமாதம் தானாகப் பிடித்தம் செய்யும் அனுமதி இரண்டையும் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள். கூட்டத்தின் உணர்ச்சியில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ஒப்புதல் கொடுத்துவிட்டு, எங்கே போய் ரத்து செய்வது என்று தெரியாமல் பல மாதம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பணத்தைவிட அதிகமாக எச்சரிக்க நினைப்பது ஜெப விண்ணப்பத் தாளைப் பற்றி. அம்மா நிரப்பிய தாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மேலே ஒரு வாக்குத்தத்த வசனம். கீழே கோடு போட்ட இடங்கள்: பெயர், எந்த ஊர், கைபேசி எண், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், வெளிநாட்டில் யாராவது உண்டா, என்ன வியாதி, எவ்வளவு கடன். கூட்டம் தொடங்கும் முன்பே வாலண்டியர் அதை வாங்கி மேடைக்குப் பின்னால் கொண்டுபோனார். செய்தி முடிந்ததும் பிரசங்கியார் கண்ணை மூடிக்கொண்டு, "தென்மாவட்டத்திலிருந்து வந்திருக்கிற ஒரு தாயார், மகனுடைய வேலைக்காகக் கண்ணீர் விடுகிறீர்கள்" என்றார். அம்மா அழுதுகொண்டே எழுந்து நின்றார். எல்லா விண்ணப்பத் தாளும் இதற்காக வாங்கப்படுகிறது என்று சொல்ல மாட்டேன். பல சபைகளில் உண்மையாகவே அதை வைத்து ஜெபிக்கிறார்கள். ஆனாலும் புதிய இடத்தில் பெயரை மட்டும் எழுதி, "ஒரு குடும்பக் காரியத்துக்காக" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ஜெபத்துக்கு அது போதும்.

2. செய்தியை எழுதிவைத்து, வசனத்தைச் சுற்றிப் படியுங்கள்

தேவையானவை: ஒரு நோட்டு, ஒரு வேதாகமம், முடிந்தால் இன்னொரு மொழிபெயர்ப்பு. வழக்கமான பழைய மொழிபெயர்ப்பு நடை கடினமாக இருந்தால் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசிச் செயலிகளில் இலவசமாகவே கிடைக்கிறது.

செய்தியில் சொன்ன ஒவ்வொரு வசன எண்ணையும் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து அந்த அதிகாரம் முழுவதையும் படியுங்கள். வசனத்தை மட்டும் படித்தால் போதாது. இதற்கு நான் எப்போதும் காட்டும் இடம் எரேமியா 29, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். ஜனவரி முதல் தேதி வாக்குத்தத்த அட்டைகளில் அதிகம் வரும் வசனங்களில் ஒன்று 29:11: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இந்த வருஷமே உங்களுக்கு வீடு, வாகனம், பதவி உயர்வு என்று அதை வைத்துப் பிரசங்கிக்கிறார்கள். ஒரு வசனம் முன்னால் போங்கள். பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகு உங்களைச் சந்திப்பேன் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பெரியவர்கள் திரும்பிப்போகும் நாளைப் பார்க்காமலே இறந்திருப்பார்கள். இன்னும் இரண்டு வசனம் மேலே, 8, 9: உங்கள் நடுவில் இருக்கிற தீர்க்கதரிசிகள் உங்களை மோசம்போக்க இடங்கொடாதீர்கள், நான் அவர்களை அனுப்பவில்லை. கள்ளப் போதகர்களைப் பற்றி எச்சரிக்கிற கடிதத்திலிருந்துதான் அந்த ஒரு வசனம் பிரித்து எடுக்கப்படுகிறது.

இதேபோலத் திரும்பத் திரும்ப வருகிற சில இடங்கள் உண்டு. "கொடுங்கள், அப்பொழுது உங்களுக்கும் கொடுக்கப்படும்" என்ற லூக்கா 6:38-க்கு முந்தின வசனம் நியாயந்தீர்க்காமல் இருப்பதையும் மன்னிப்பதையும் பற்றியது. நூறத்தனையாகப் பெறுவீர்கள் என்ற மாற்கு 10:30-இல் "துன்பங்களோடேகூட" என்று சேர்த்தே இருக்கிறது. மேடையில் அந்தச் சொல் வருகிறதா என்று கவனியுங்கள். "எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி" என்ற 3 யோவான் 2, காயு என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தின் நல விசாரிப்பு. எல்லாரும் பணக்காரராவார்கள் என்ற வாக்குறுதி அதில் இல்லை.

உபதேசத்தின் அடிப்படையைப் பார்க்க நீண்ட படிப்பு வேண்டாம். சபைகள் பொதுவாக அறிக்கையிடும் விசுவாசப்பிரமாணத்தை வரிவரியாக எடுத்துக்கொண்டு, இவர் இதை ஒப்புக்கொள்கிறாரா என்று பாருங்கள். இயேசு கிறிஸ்து மாம்சத்தில் வந்த தேவகுமாரன், சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்தார் என்பதில் ஏதாவது மாற்றம் இருக்கிறதா? இரட்சிப்பு கிருபையினால் என்பதோடு இவருடைய சபையில் சேருவது, இவர் கையால் ஞானஸ்நானம் எடுப்பது என்று இன்னொரு நிபந்தனை சேர்கிறதா? வேதத்துக்குச் சமமாக இவருடைய தரிசனங்கள் வாசிக்கப்படுகின்றனவா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் கலாத்தியர் 1:8-ஐப் படித்துவிட்டு வெளியேறிவிடுங்கள். ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லை.

3. தீர்க்கதரிசனம் சொன்னால் தேதியோடு எழுதுங்கள்

"உங்களுக்கு மூன்று மாதத்துக்குள் குழந்தை", "இந்த டிசம்பருக்குள் விசா" என்று சொன்னால், சொன்ன தேதி, சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் யார் என்று நோட்டில் எழுதுங்கள். காலம் முடிந்ததும் திறந்து பாருங்கள். உபாகமம் 18:22 சொல்வது எளிது: சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல, அவனுக்கு நீ பயப்பட வேண்டாம். அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்திலேயே ஜனங்கள் முன்னால் சொன்னான். எல்லாருக்கும் பிடித்த செய்தி அது. எரேமியா 28-ஐ முழுவதும் படியுங்கள், அது எப்படி முடிந்தது என்று தெரியும்.

நடந்துவிட்டால்? அங்கேதான் பலர் சோதிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். உபாகமம் 13:1-3 அதையும் முன்பே பார்த்திருக்கிறது: அடையாளமும் அற்புதமும் சொன்னபடியே நடந்தாலும், அவன் உன்னைத் தேவனைவிட்டு வேறு பக்கம் இழுத்தால் கேட்காதே. நடந்தது ஒரு சாட்சி மட்டும்தான். அந்த அற்புதத்துக்குப் பிறகு உங்கள் கண் யாரை நோக்குகிறது, கிறிஸ்துவையா அந்த மனிதரையா, என்பது முக்கியம்.

நடக்காதபோது என்ன சொல்கிறார் என்பதையும் எழுதுங்கள். "உன் விசுவாசம் குறைவு", "வீட்டில் ஏதோ சாபம் இருக்கிறது, அதற்கு ஒரு விசேஷ ஜெபம், அதற்கு ஒரு காணிக்கை" என்று வந்தால் அதற்குமேல் பார்க்க ஒன்றும் இல்லை.

4. சுகமளிக்கும் கூட்டமும் மாத்திரையும்

யாராவது இன்சுலினையோ காசநோய் மாத்திரையையோ மனநோய் மருந்தையோ வலிப்பு மாத்திரையையோ நிறுத்தச் சொன்னால் அன்றைக்கே அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள். ஜெபியுங்கள், நம்புங்கள், மருந்தையும் சாப்பிடுங்கள். காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து. பாதியில் விட்டால் அடுத்த முறை அந்த மருந்து கேட்காமல் போகலாம்.

இயேசு குஷ்டரோகியைச் சுகமாக்கிவிட்டு, போய் ஆசாரியனுக்குக் காண்பி என்றார் (மாற்கு 1:44). சோதித்துச் சொல்லவேண்டியவரிடம் அனுப்பினார். பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்ததை மறைக்காமல் எழுதுகிறார், 2 தீமோத்தேயு 4:20. தீமோத்தேயுவின் வயிற்றுக்கு என்ன குடிக்கலாம் என்றும் யோசனை சொல்கிறார். சுகம் கிடைத்ததாகச் சொல்லும் சாட்சிகளை மேடையில் கேட்டால், சில வாரம் கழித்து அந்த நபரை வீட்டில் போய்ப் பார்க்க முடியுமா, முன்பும் பின்பும் எடுத்த பரிசோதனை அறிக்கை உண்டா என்று மரியாதையாகக் கேளுங்கள். எண்ணெய்ப் புட்டிக்கும் கைக்குட்டைக்கும் விலை வைத்தால் "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்ற மத்தேயு 10:8 இருக்கிறது.

5. யார் அபிஷேகம் செய்தது, யார் அவரை நீக்க முடியும்?

சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், கத்தோலிக்கம் போன்ற சபைகளில் குருப்பட்டம் எப்போது, எந்தப் பேராயரால் கொடுக்கப்பட்டது என்று திருமண்டல அலுவலகத்திலோ மறைமாவட்ட அலுவலகத்திலோ கேட்டால் தெரிந்துவிடும். சேகரக் கமிட்டி (உள்ளூர்ச் சபை வட்டாரத்தின் குழு), திருமண்டல நிர்வாகம் என்று மேலே ஆட்கள் இருக்கிறார்கள். அங்கேயும் தப்பு நடக்கும். ஆனால் புகார் கொடுக்க ஒரு முகவரி இருக்கிறது. தனி ஊழியங்களில்தான் கவனம் அதிகம் தேவை. அங்கே நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: "பாஸ்டர் தப்பு செய்தால் அவரை நிறுத்த யாருக்கு அதிகாரம் இருக்கிறது?" பதில் ஒரு பெயராகவோ ஒரு குழுவாகவோ இருக்க வேண்டும். அந்தக் குழுவில் மனைவி, மகன், மருமகன் மட்டும்தான் என்றால் அது குழு அல்ல. "கர்த்தர்தான் நீக்க வேண்டும்" என்று பதில் வந்தால் யாருமே இல்லை என்று அர்த்தம்.

டாக்டர், ரெவரெண்டு, பிஷப், அப்போஸ்தலர் என்று பெயருக்கு முன்னால் இருப்பதையும் விசாரியுங்கள். இறையியல் பட்டம் வழங்கும் செராம்பூர் செனட்டின் கீழ் வரும் கல்லூரிகளில், மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னைக் குருகுல் லுத்தரன் கல்லூரி போன்றவற்றில், படித்தவர் என்றால் எந்த வருஷம் என்று சொல்வார், அந்தக் கல்லூரியிலும் சரிபார்க்கலாம். ஆசியா இறையியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளும் பல இருக்கின்றன. பணம் கட்டிச் சில வாரத்தில் வாங்கும் கௌரவ டாக்டர் பட்டங்களும் நிறைய உலாவுகின்றன. படிக்காதவர் நல்ல மேய்ப்பராக இருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. பேதுருவும் யோவானும் படிப்பறியாதவர்கள் என்றே அப்போஸ்தலர் 4:13 சொல்கிறது. படிக்காததைப் படித்ததாகச் சொல்கிறாரா என்பதுதான் கேள்வி.

திருமணம் நடத்தி வைக்கப் போகிறார் என்றால் இன்னொரு தாள் உண்டு. 1872ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பேராயரால் குருப்பட்டம் பெற்ற குருமார் தவிர மற்றப் பாஸ்டர்கள் திருமணம் நடத்த அரசு உரிமம் வேண்டும். உரிமத்தைத் திருமணத் தேதி குறிக்கும் முன்பே கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பிறகு பாஸ்போர்ட், விசா, வாரிசுச் சான்று என்று ஒவ்வொரு இடத்திலும் சிக்கல் வரும்.

6. பணத்தின் தாள்கள்

இதை நீளமாகச் சொல்கிறேன், எங்களுக்கு அதிக நாள் பிடித்தது இதுதான்.

பவுல் எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைத் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரரைக் கூட வைத்துக்கொண்டார், யாரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு என்று காரணத்தையும் எழுதுகிறார், 2 கொரிந்தியர் 8:18-21. ஆகவே பணக் கணக்கைக் கேட்பது வேதத்திலேயே இருக்கிற பழக்கம். திருச்சபையின் ஆரம்ப காலக் கையேடான டிடாக்கே இன்னும் கடுமை: பயணமாக வருகிற ஊழியர் போகும்போது வழிக்கு ரொட்டி வாங்கிக்கொள்ளட்டும், பணம் கேட்டால் அவர் கள்ளத்தீர்க்கதரிசி என்று 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கஷ்டப்படுகிற மற்றவர்களுக்காகக் கேட்டால் அவரை நியாயந்தீர்க்காதே என்றும் அங்கேயே இருக்கிறது.

முதலில் பதிவு. ஊழியம் சங்கமாக இருந்தால் 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவாகியிருக்கும், வருஷா வருஷம் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் அங்கே தாக்கல் ஆக வேண்டும். டிரஸ்டாக இருந்தால் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். ஒரு சிக்கல்: நிலம் சம்பந்தப்படாத டிரஸ்ட் பத்திரம் நான்காம் புத்தகம் என்ற பதிவேட்டில் பதிவானால் வெளியாட்களுக்கு நகல் தரமாட்டார்கள். எனவே நகலை ஊழியத்திடமே கேளுங்கள். முழுப் பத்திரம் தர வேண்டியதில்லை. அறங்காவலர்கள் யார், டிரஸ்டைக் கலைத்தால் சொத்து யாருக்குப் போகும் என்ற இரண்டு பக்கத்தைக் காட்டினால் போதும்.

அடுத்தது கட்டட நிதி. அதிகமாக ஏமாறும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். சபைக்கு நிலம் வாங்குகிறோம் என்று வசூலிப்பார்கள், பத்திரம் பாஸ்டர் பெயரிலோ அவர் குடும்பத்தார் பெயரிலோ இருக்கும். இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. நிலம் இருக்கும் கிராமம், சர்வே எண் இரண்டும் தெரிந்தால் பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகவே பார்க்கலாம். பட்டா யார் பெயரில் என்பதை வருவாய்த்துறையின் இணையச் சேவையில் பார்க்கலாம். சர்வே எண்ணைக் கேட்டால் தயங்குகிற இடத்தில் கட்டட நிதிக்குக் கொடுக்காதீர்கள்.

80ஜி வரிவிலக்கு ரசீது (நன்கொடைக்காக வருமான வரியில் சலுகை பெற உதவுவது) தருவதாகச் சொன்னால், வருமான வரித்துறையின் தளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரும் பான் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். முழுக்க மதக் காரியத்துக்கான டிரஸ்டுக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடைக்காது, பள்ளி, மருத்துவமனை, அநாதை இல்லம் போன்ற தர்மக் காரியத்துக்குத்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. ஆகவே "ரொக்கமாகக் கொடுங்கள், 80ஜி தருகிறோம்" என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சிங்கப்பூர், கனடா, இங்கிலாந்து பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கொடுப்பது, அவர்கள் இந்திய வம்சாவளி அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். 2010ஆம் வருஷத்து வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ அனுமதியோ பெற்ற அமைப்புதான் அதை வாங்கலாம். பதிவு பெற்ற அமைப்புக்கும் அந்தப் பணம் ஸ்டேட் பாங்கின் புது தில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். பாஸ்டரின் சொந்தச் சேமிப்புக் கணக்கு எண்ணைக் கொடுத்து "இதில் போடுங்கள்" என்றால் அது சட்டத்துக்கு வெளியே. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை செய்பவர் தன் சம்பளச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பதற்கு இந்தத் தடை இல்லை.

எப்போது கேட்பது? மார்ச் 31-இல் கணக்கு முடியும். தணிக்கையும் வரித் தாக்கலும் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபருக்குள் முடியும். நவம்பரில் போய்ப் போன வருஷத் தணிக்கை அறிக்கையைப் பார்க்க முடியுமா என்று கேட்டால், இன்னும் தயாராகவில்லை என்ற சாக்குக்கு இடமில்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கிராமத்தில் முப்பது பேரோடு ஓலைக் கொட்டகையில் ஆராதனை நடத்தி, பகலில் கூலி வேலைக்குப் போகிற பாஸ்டரிடம் இந்தத் தாள் எதுவும் இருக்காது. அவரைக் கள்ளர் என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே பார்க்க வேண்டியது வேறு: காணிக்கையை ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் சேர்ந்து எல்லார் முன்பும் எண்ணி நோட்டில் எழுதுகிறார்களா? அந்த நோட்டை யார் கேட்டாலும் காட்டுகிறார்களா? அது நடந்தால் என் மனதுக்குப் பல பெரிய டிரஸ்டுகளைவிட அது மேல்.

7. மேடைக்கு வெளியே அவர் எப்படி?

1 தீமோத்தேயு 3:1-7-ஐயும் தீத்து 1:5-9-ஐயும் எடுத்துப் பாருங்கள். கண்காணிக்கு, அதாவது சபையை நடத்துகிறவருக்கு, சொன்ன தகுதிகளில் பெரும்பாலானவை நடத்தையைப் பற்றியவை: ஒரே மனைவியை உடையவன், குடியாதவன், அடியாதவன், பண ஆசை இல்லாதவன், புறம்பானவர்களால் (சபைக்கு வெளியே இருப்பவர்களால்) நற்சாட்சி பெற்றவன். போதகத்திறமை அதில் ஒன்றுதான். கடைசியில் சொன்ன புறம்பானவர்களின் சாட்சிதான் விசாரிக்க எளிது. வீட்டுச் சொந்தக்காரர், பக்கத்துக் கடைக்காரர், அவருடைய வண்டி ஓட்டுநர், முன்பு ஊழியத்தில் வேலை செய்து விலகியவர்கள், இவர்களிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுங்கள். வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் தேதிக்கு வருகிறதா என்று கேளுங்கள்.

நல்ல உபதேசம் இருந்தால் வாழ்க்கையும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. சென்னையில் பிறந்து உலகம் முழுவதும் விசுவாசத்துக்காக வாதாடிய ரவி சக்கரியாஸ் 2020-இல் இறந்தார். 2021 பிப்ரவரியில், அவருடைய நிறுவனமே அமர்த்திய சட்ட நிறுவனத்தின் விசாரணை அறிக்கை அவருடைய பாலியல் அத்துமீறல்களை உறுதிசெய்தது. அவர் உயிரோடிருந்தபோது புகார் வந்தும் நிறுவனம் அவர் பக்கமே நின்றது. அவருடைய பேச்சில் யாரும் கள்ள உபதேசத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது. கேள்வி கேட்கும் அதிகாரம் உள்ளவர்கள் கேட்காமல் இருந்ததுதான் அங்கே நடந்தது.

ஆகவே பெண்களைத் தனி அறையில் வைத்து ஜெபிப்பது, இளம்பெண்களுக்கு இரவில் தனிப்பட்ட செய்தி அனுப்புவது, பிள்ளைகளைப் பெற்றோர் இல்லாமல் வெளியூர் முகாமுக்குக் கூட்டிப் போவது, இவற்றுக்குச் சபையில் எழுதிவைத்த விதி இருக்கிறதா என்று கேளுங்கள். கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெண் கூட இருக்க வேண்டும் என்பது குறைந்தபட்சம். பிள்ளைகளிடம் அத்துமீறல் நடந்தது தெரிந்தால் அதைச் சபைக்குள் பேசி முடிக்க யாருக்கும் உரிமை இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். 1098 பிள்ளைகளுக்கான எண், 181 பெண்களுக்கான எண்.

8. ஒரு கேள்வி கேட்டு, என்ன நடக்கிறது என்று பாருங்கள்

எல்லாச் சோதனைகளிலும் நான் அதிகம் நம்புவது இது. ஆராதனை முடிந்து, தனியாக, மரியாதையாக, "ஐயா, நீங்கள் சொன்ன வசனத்தை வீட்டில் படித்தேன், எனக்கு வேறு மாதிரிப் புரிகிறது, விளக்க முடியுமா?" என்று கேளுங்கள். நல்ல மேய்ப்பர் உட்காரச் சொல்வார். சில நேரம் "நான் சொன்னது சரியில்லை, பார்க்கிறேன்" என்பார். அப்படிச் சொன்ன ஒரு வயதான ஆயர்தான் இப்போது எங்கள் குடும்பத்தின் போதகர்.

மற்றவர் என்ன செய்வார் தெரியுமா? அடுத்த ஞாயிறு மேடையிலிருந்து, பெயர் சொல்லாமல், உங்களைக் குத்திப் பேசுவார். "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்" என்ற சங்கீதம் 105:15 கட்டாயம் வரும். அந்தச் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள்: ஜனத்தைவிட்டு ஜனம் அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபுக்கு ராஜாக்கள் தீங்கு செய்யாதபடி கர்த்தர் தடுத்ததைப் பற்றியது. போதகரைக் கேள்வி கேட்காதே என்று அதில் இல்லை. அபிஷேகம் பெற்ற ராஜாவான தாவீதை நாத்தான் தீர்க்கதரிசி முகத்துக்கு நேரே கண்டித்தான். பேதுருவைப் பவுல் அந்தியோகியாவில் முகமுகமாய் எதிர்த்தார். சபையில் முதன்மையாயிருக்க விரும்பி, தனக்கு ஒத்துவராதவர்களைத் துரத்தின தியோத்திரேப்பு என்பவனைப் பற்றி 3 யோவான் 9, 10 சொல்கிறது. கேள்வி கேட்டவரோடு பேசக் கூடாது என்று மற்ற விசுவாசிகளுக்கு உத்தரவு போனால் அந்தத் தியோத்திரேப்பு உங்கள் முன்னாலேயே இருக்கிறார்.

உங்கள் பக்கமும் நியாயம் வேண்டும். மூப்பருக்கு விரோதமான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்காதே என்று 1 தீமோத்தேயு 5:19 சொல்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த வெட்டி ஒட்டிய வீடியோ சாட்சி அல்ல. முழுச் செய்தியையும் கேட்காமல் பகிராதீர்கள். பிரபலமான ஊழியக்காரர்களின் பெயரிலும் படத்திலும் போலிக் கணக்கு தொடங்கிப் பணம் கேட்பதும் இப்போது சாதாரணமாகிவிட்டது. அதில் அந்த ஊழியக்காரருக்கே சம்பந்தம் இருக்காது. அப்படிப் பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

9. வெளியே வர முடிவு செய்துவிட்டால்

சண்டை போட்டுவிட்டு வராதீர்கள், தாள்களை வாங்கிக்கொண்டு வாருங்கள். ஞானஸ்நானச் சான்று, திருமணப் பதிவேட்டின் நகல், பிள்ளைகளின் பிரதிஷ்டைச் சான்று (குழந்தையைச் சபையில் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்ததற்கானது), கொடுத்த பணத்துக்கு ரசீது இருந்தால் அதன் நகல். புதிய சபையில் சேரவும், பிறகு கல்லறை இடத்துக்கும்கூட இவற்றில் சிலதைக் கேட்பார்கள். விலகுகிறோம் என்று சொல்லும் முன்பே கேட்டு வாங்குவது நல்லது. சொன்ன பிறகு கிடைக்காமல் போகலாம்.

ஆட்டோபேயை யுபிஐ செயலியிலேயே ரத்து செய்யுங்கள், வங்கிப் பிடித்தத்தை நிறுத்த வங்கிக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புதல் முத்திரை வாங்குங்கள். உங்கள் சாட்சி வீடியோவையும் படங்களையும் எடுத்துவிடும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் கேட்டால் பதிவு இருக்காது. ஊழியத்துக்குக் கடன் கொடுத்திருந்தால் அல்லது உங்கள் பெயரில் அவர்கள் கடன் வாங்கியிருந்தால், விலகுவதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

போகிறவர்களுக்குச் சாபம் வரும், விபத்து நடக்கும் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். எங்கள் வீட்டில் அம்மா அதை நினைத்துப் பல இரவு தூங்கவில்லை. ரோமர் 8:1-ஐயும், அதே அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்தோம். புதிய சபையைத் தேடும்போது முதல் படியிலிருந்து திரும்பவும் ஆரம்பியுங்கள். அந்த ஆறு மாதமும் வீட்டில் குடும்பமாக வேதம் வாசித்து ஜெபிப்பதை விட்டுவிடாதீர்கள். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டால் இன்னும் நல்லது.